துப்புற வாளியும் என் வடையும்

ஒயினுக்குத் தொட்டுக்கொள்ள என் முள்ளுமுருங்கை வடையை ஒரு ஓட்டல்காரர் கேட்டிருக்கிறார் என்றதும் என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். சண்டை என்றால் மட்டும் அவர் தமிழுக்கு மாறிவிடுவார்.

"ஒயின் ஷாப்புக்கா வடை சுடப் போற? தெருவுல தலை காட்ட முடியுமா?"

"ஷாப்பு இல்ல, ஓட்டல்ல ஒயின் திருவிழாவாம். தலையை நான் காட்டிக்கிறேன். நீங்க மாவை ஆட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஆட்டினார். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். நான் ஆறு வருடமாக அடுப்பு வைத்திருந்த வீட்டு முகப்பை இடித்துக் கட்டப்போவதாக ஓனர் சொல்லிவிட்டார். மாசக் கடைசிக்குள் நான் வேறு இடம் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பெரிய ஓட்டலின் மேனேஜர் வந்தார். "வர்றவங்களுக்கு உங்க வடை பிடிச்சுப்போச்சுன்னா, எங்க தோட்டத்துல ஒரு மூலையை உங்களுக்கே தர்றேன்க்கா. தினம் சாயங்காலம் போடுங்க" என்றார். அந்த மூலைக்காகத்தான் போனேன். மற்றபடி ஒயினையெல்லாம் நான் எங்கே கண்டேன்?

தோட்டத்தில் ஆறு மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பாட்டில்கள், நீளக் காம்பு வைத்த கிளாஸ்கள், நடுவில் பளபளவென்று ஒரு சின்ன எவர்சில்வர் வாளி. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைப் பார்த்தே வளர்ந்த கண்ணாயிற்றே! பரவாயில்லையே, பரிமாறுவதற்கு வாளியெல்லாம் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஓரமாக அடுப்பை மூட்டி, பச்சைப் பசேலென்று வடையைச் சுட்டு, ஆறு வாளியிலும் வாழை இலைத் துண்டு போட்டு அடுக்கினேன். மேலே மிளகாய்ப் பொடியையும் தூவினேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர், கிளாஸை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படி மோந்து பார்க்க வேண்டும் என்று வகுப்பு எடுத்தார். "வாயில வச்சு நல்லா உருட்டிப் பாருங்க. அப்புறம் வாளியில துப்பிருங்க. முழுங்கினா போதை ஏறி அடுத்த ருசி தெரியாது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் முதல் மேசைக்காரர் கன்னம் உப்ப வாளியின் மேல் குனிந்துவிட்டார். வடையைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மடக்கென்று விழுங்கினார். தோட்டமே சிரித்தது.

மேனேஜர் ஓடி வந்தார். "ஏக்கா, அது துப்புற வாளிக்கா! இதுகூடவா தெரியாது?"

"துப்புறதுக்கு இம்புட்டு அழகா யாரு வாளி வாங்குவாங்க?" என்றேன். காதெல்லாம் எரிந்தது. நாலு பேர் முன்னால் முட்டாளாக நிற்பது லேசா? ஆனாலும் அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"அம்புட்டையும் குப்பையில கொட்டுங்க."

"ஏன்? இதுல யாராச்சும் துப்பிட்டாங்களா?"

"இல்ல, வாளி புதுசுதான். ஆனா பார்க்குறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்ல? கொட்டிட்டு வேற சுடுங்க. மாட்டேன்னா, அந்த மூலையை மறந்துருங்க."

கொட்டியிருக்கலாம். மாவு இன்னும் அரைக் குண்டான் மிச்சம் இருந்தது. ஆனால் விரலெல்லாம் முள் குத்தக் குத்த முள்ளுமுருங்கை இலையைக் கிள்ளியவள் நான். சுத்தமாக இருக்கிற சோத்துப் பண்டத்தைக் குப்பையில் போட்டுவிட்டு மறுநாள் எந்தக் கையால் அடுப்பைப் பற்ற வைப்பேன்?

"வாயில போட்டதைத் துப்புறது உங்க பழக்கம், தம்பி. நல்லா இருங்க. சுட்டதைக் கொட்டுறது எனக்குப் பழக்கமில்ல" என்றேன். ஆறு வாளி வடையையும் என் தூக்குச் சட்டிக்கு மாற்றினேன். அடுப்பை அணைத்தேன். யாரும் தடுக்கவில்லை.

கேட்டுக்கு எதிரே, ரோட்டோரப் புளியமரத்தடியில், விருந்தாளிகளின் டிரைவர்கள் வெறும் வயிற்றோடு பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தேன். சட்டி காலியாகும் வரை அவர்கள் விடவில்லை. "நாளைக்கு எங்கக்கா போடுவீங்க?" என்று ஒருவர் கேட்டார். அடுப்பையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். கோபத்தில்தான். இடம் போன வருத்தம் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார், நான் ஒத்துக்கொண்டதே இல்லை.

மாசக் கடைசி வரை காத்திருக்கவில்லை. மறுநாள் சாயங்காலமே அந்தப் புளியமரத்தடியில் அடுப்பை இறக்கினேன். வீட்டுக்காரர்தான் மாவுக் குண்டானைச் சுமந்து வந்தார். மூன்றாவது ஈடு வெந்துகொண்டிருக்கும்போது மேனேஜர் ரோட்டைத் தாண்டி வந்தார்.

"யாரைக் கேட்டு இங்க அடுப்புப் போட்டீங்க?"

"நேத்து உங்களைக் கேட்டுத்தான் உள்ள போட்டேன்" என்றேன். "அதான் இன்னைக்கு யாரையும் கேக்கல."