என் வாசலில் நின்ற கன்னியம்மா

எங்கள் தெருக் கன்னியம்மா போய்விட்டாள் என்ற சேதி வந்தபோது, அவளைப் பார்க்க முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்காகத் திண்டிவனத்தில் பஸ் ஏறி உட்கார்ந்திருந்தேன். போனில் அவள் மகள் செல்வி, "பெரிம்மா, எறங்கிடுங்க. ஊட்டுக்கு எடுத்துக்கினு வர்றோம்" என்றாள். எந்த வீட்டுக்கு என்று நினைத்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

கிளியனூரில் அவளோடு காட்டில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பறித்த உங்களுக்கெல்லாம் அந்தக் குடிசை தெரியும். செல்வியைப் பெண் பார்க்க வந்தவர்கள் குனிந்து நுழைந்து, காபியைத் தொடாமல் போனார்கள். கல்யாணமான மகன், பெண்டாட்டியோடு படுக்க இடமில்லாமல் சென்னைக்குப் போய்விட்டான். அவளுடைய மூச்சிழுப்புக்குப் பார்த்த டாக்டர் ஈரத் தரையில் படுக்காதே என்றாராம். "அப்போ மழைக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க சார்னு கேட்டேன்க்கா" என்று வந்து சிரித்தாள்.

நான் ஐந்தாவது படித்தவள். தெருவில் யாருக்குக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. என் மகன் சிமெண்ட் தளம் போட்டுக் கட்டிய மெத்தை வீட்டைப் பற்றியும் உண்டு.

குடிசையில் இருப்பவர்களுக்கு அரசு கட்டித் தரும் வீட்டுக்குக் கணக்கெடுக்க ஒரு பெண் செல்போனோடு வந்தாள். வீட்டின் முன் ஆளை நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம். கன்னியம்மா கூசினாள். "இந்தப் பொத்தலு முன்னாடியா? ஊரே பாக்குமேக்கா." அவளுக்கு என் நீலப் புடவையைக் கட்டிவிட்டு, தலை வாரி, என் வாசலில் நிறுத்தினேன். கவர்மெண்டுக்குப் போகிற படம் லட்சணமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"இதுதான் ஊடாம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள். கன்னியம்மா என்னைப் பார்த்தாள்.

"ஆமா கண்ணு, எடு" என்றேன் நான்.

பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் கேட்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, "மெத்தை வீட்ல இருந்துக்கினு குடிசைன்னு எழுதிக் குடுத்தா எப்படிம்மா?" என்றார். நீலப் புடவையில் கன்னியம்மா, பின்னால் என் வீடு. அது என் வீடு என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "தெரியாம நின்னுட்டேன் சார்" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில், "உடுக்கா. படத்துலயாவது மெத்தை ஊட்டுக்காரியா இருக்கேன் இல்ல" என்று என் தொடையில் தட்டினாள். அதன்பின் இரண்டு மழைக்காலம் அந்த ஈரத்தில் படுத்தாள்.

இப்போதெல்லாம் விடிந்ததும் வாசல் பெருக்க வருகிறேன். அந்த இடத்தில் துடைப்பம் நின்றுவிடுகிறது. தலை வாரி, கையைக் கட்டிக்கொண்டு அவள் நிற்கிறாள். நகரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளைச் சுற்றிப் பெருக்கிவிட்டு உள்ளே போகிறேன்.

செல்வி இன்னும் அந்தக் குடிசையில்தான் இருக்கிறாள். நேற்று அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அம்மாவுக்குத் தெரியும் பெரிம்மா. எனக்கும் தெரியும்" என்றாள்.

கன்னியம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, என் மானத்துக்காக அவள் மூடிக்கொண்ட அந்த வாய். அதை இனி நான் வைத்துக்கொள்ள முடியாது. திங்கட்கிழமை செல்வியோடு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன். மனுவை என் கையாலேயே எழுதிவிட்டேன். முதல் வரி இதுதான்: "ஐயா, படத்தில் இருக்கும் வீடு என்னுடையது."