யார் வீட்டுப் புட்டு

கடலில் பாத்தி கட்டிய ஒரே வாத்தியார் நான்தான். மண்டைதீவில் அந்தக் காலத்தில் என்னிடம் படித்தவர்கள் எங்கே கண்டாலும் முதலில் இதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் தொண்டை கிழியப் படிப்பித்த பின்னமும் தசமமும் ஒருவருக்கும் ஞாபகமில்லை. சிரிக்கட்டும். இன்று நினைத்தால் எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்துமூன்று வயது. புளியங்கூடலில் புகையிலையும் வெங்காயமும் செய்கிற வீட்டுப் பிள்ளை. மண்டைதீவுப் பள்ளிக்கூடம் முதல் நியமனம். சைக்கிளில் போய்வரலாம் என்றுதான் தொடங்கினேன். சோளகக் காற்றுக்கு எதிராக ஒரு கிழமை மிதித்த பிறகு, போதுமடா சாமி என்று கரையோரம் ஒரு வீட்டில் அறை எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டு அக்கா கணவன் இல்லாதவர். இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டும் என் வகுப்பில். அறையோடு மூன்று வேளைச் சாப்பாடும் அங்கேதான். எங்கே சாப்பிடுகிறாய் என்று எங்கள் வீட்டில் கேட்டபோது, "கடையில்" என்று சொல்லிவைத்தேன். காரணம் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்து வீடுகள் அப்படி. அந்தப் பொய் என்னைப் பிடித்துக்கொண்டு உண்மையாகும் என்று அப்போது நினைக்கவில்லை.

அக்காவின் சீவியம் மட்டி, மணலுக்குள் புதைந்து கிடக்கிற சிப்பி. ஆனியில் ஆழமில்லாத பரவைக்கடல் வற்றத் தொடங்கினால் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மணல் திடல் முழங்கால் தண்ணீரில் வந்துவிடும். பெண்கள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவார்கள். காலால் தடவுவார்கள், பெருவிரலில் ஓடு தட்டுப்பட்டதும் குனிந்து எடுப்பார்கள். பேச்சும் சிரிப்பும் ஊர்க்கதையுமாக அந்தத் தடவல் நடக்கும். ஐப்பசியில் மழைத்தண்ணீர் கடலில் விழுந்ததும் திடலைப் பூட்டிவிடுவார்கள். பூட்டுகிறது என்றால் பூட்டோ திறப்போ இல்லை. அன்றிலிருந்து ஒருவரும் இறங்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

அரசாங்கக் கச்சேரியில் இதற்கெல்லாம் சட்டம் எழுதி வைத்திருந்தார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. கரையின் சட்டம் கரையில் இருந்தது. கறிக்கு எடுக்கிறவர் யாராக இருந்தாலும், யாத்திரைக்கு வந்தவராக இருந்தாலும், ஒரு பனையோலைப் பெட்டி நிறைய எடுக்கலாம், கேட்கத் தேவையில்லை. விற்க எடுக்கிறவர்கள் பின்னேரம் சாக்கை விரித்து எல்லாருக்கும் முன்னால் கொட்டவேண்டும். பழைய அரிக்கன் லாம்பில் கழற்றிய பித்தளை வளையம் ஒன்று இருந்தது. சந்தேகமான மட்டியை எடுத்து அந்த வளையத்துக்குள் போடுவார்கள். தங்கினால் சந்தைக்கு, விழுந்தால் கடலுக்கு. திடலில் இரும்பு படக்கூடாது. கையும் காலும் மட்டும்தான். மீறினால் அந்த வீடு மழை வரும்வரை இறங்க ஏலாது.

இன்னொன்றும் உண்டு. விருந்தாளி, மருமகன், வாடகைக்கு இருப்பவன், எவனாவது பிழை விட்டால், அன்று காலை எந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு இறங்கினானோ அந்த வீட்டுக்குத்தான் தண்டனை. சாப்பாடு போட்டவள் புத்தியும் சொல்லி அனுப்பியிருக்கவேண்டும் என்பது அவர்களின் நியாயம்.

வளையம் அக்காவின் கையில்தான் இருந்தது. அவர் சொல் பிசகாதவர் என்று கரை அவரிடம் கொடுத்திருந்தது. பிசகமாட்டார்தான். போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா இரும்புத் தட்டகப்பை ஒன்றைச் சீலைக்குள் ஒளித்துக்கொண்டுபோய்க் கிண்டியதைக் கண்டுபிடித்து, அந்த வீட்டை ஒரு பருவம் முழுக்க நிறுத்தியவர் இவர். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. நடுவில் ஒரு கிடுகு வேலி; அதில் கோழி நுழைகிற ஓட்டை, பொட்டு ஒன்று. கோழிகள் மட்டும் போய்வந்தன.

நான் வந்த வருடம் அக்காவின் கூரை ஓட்டை. அடுப்படியில் இருந்தால் வானம் தெரியும். பனையோலை வாங்கி மழைக்கு முன் மேய வேண்டும், அந்தப் பருவத்து மட்டி விற்றால்தான் ஓலை. இது கரை முழுக்கத் தெரிந்த விஷயம். பிள்ளைகள்கூட வகுப்பில், "சேர், எங்கட வீட்டில படுத்துக்கொண்டே நட்சத்திரம் எண்ணலாம்" என்று பெருமையடித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை. தேங்காய்ப்பூ போட்ட புட்டு, முதல் நாள் மட்டிக் கறி, சம்பல். நான் நன்றாகத்தான் வெட்டினேன். மத்தியானத்துக்குக் கறி இல்லையென்று அக்கா சொன்னார். "அதுக்கென்ன, நான் போய் மட்டி கொண்டு வாறன்" என்றேன்.

"ஒரு பெட்டிதான், மாஸ்டர். இரும்பு ஒண்டும் கொண்டு போயிடாதையுங்கோ."

ஓம் ஓம் என்றேன். என் காதில் அது, செருப்போடு கோயிலுக்குள் போகாதே என்கிறமாதிரி ஒரு பேச்சாகத்தான் விழுந்தது. அதோடு எனக்கு ஒரு திமிர். இந்தப் பெண்கள் அரைநாள் தடவித் தடவி எடுப்பதை எங்கள் தோட்டத்து ஆட்கள் கால் மணித்தியாலத்தில் கிண்டித் தள்ளிவிடுவார்களே என்று எத்தனை நாள் மனதுக்குள் சிரித்திருக்கிறேன்! பள்ளிக்கூடத் தோட்டத்துக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த மண்வெட்டி ஒன்று இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. திடலின் மேற்குக் கரையில் ஒருவரும் இல்லை. கொத்தினேன், புரட்டினேன். கை பழகிய வேலை. யோசிக்காமலே வரம்பு வைத்துப் பாத்தி கட்டிவிட்டேன். நாலு பாத்தி. அச்சு அசலாக எங்கள் வெங்காயத் தரைதான், தண்ணீர்கூடப் பாய்ந்து நின்றது. மட்டி குவிந்தது. ஒரு பெட்டி நிறைந்து, சறத்தைக் கழற்றி அதிலும் கட்டிக்கொண்டு, காற்சட்டையோடு வெற்றிவீரன்போலக் கரையேறினேன். மூடன்!

அக்கா மூட்டையைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார். "ஐயோ, என்ன வேலை பாத்துப்போட்டியள் மாஸ்டர்" என்றார். அவ்வளவுதான். மூட்டையை அவிழ்த்தார். பாதிக்கு மேல் விரல்நகம் அளவுக் குஞ்சுகள், பல ஓடு வெட்டுப்பட்டுக் கிடந்தன. அள்ளிக்கொண்டுபோய்க் கடலில் விட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பின்னேரம் சாக்குகள் விரித்தாயிற்று. ஒருவரும் என் பாத்தியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லாரும் கண்டிருந்தார்கள். நான் ஒதுங்கி நின்றேன். அக்கா மட்டி கொட்டாமல் தன் வெறும் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

"இண்டைக்குத் திடலில இரும்பு பட்டது. பட்டது என்ர வீட்டால. மழை வரும் வரைக்கும் என்ர வீடு இறங்காது" என்றார்.

"மாஸ்டர் புதுசெல்லே, தெரியாமச் செய்தவர். விடுங்கோ" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

"போன வரியம் அவவுக்கு விட்டனானோ?" என்று நாடியால் பக்கத்து வீட்டு அக்காவைக் காட்டினார். "அவவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிழை விட்டது நான். என்னைத் தண்டியுங்கோ! அக்காவின்ர கூரைக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று கத்தினேன். ஒருவரும் என்னைக் கணக்கில் எடுக்கவில்லை. கோபம் வந்த வாத்தியாரைக் கரையில் யார் பார்த்தார்கள்?

அப்போதுதான் தேத்தண்ணிக்கடை அண்ணை தொண்டையைச் செருமினார். மட்டி வாங்கித் தட்டிவானில் பட்டணத்துக்கு அனுப்புகிறவரும் அவர்தான்.

"அதெப்பிடி அக்கா உங்கட வீடாகும்? மாஸ்டர் இண்டைக்குக் காலமை என்ர கடையிலயெல்லே ரெண்டு பணிசும் தேத்தண்ணியும் எடுத்தவர்."

அடப்பாவி மனுசா! நான் அன்று அவர் கடைப்பக்கமே போகவில்லை, பணிஸ் என்கிற பன்னைக் கண்ணால்கூடக் காணவில்லை.

"பேய்க்கதை கதையாதையுங்கோ. என்ர வீட்டில புட்டுத் திண்டவர்" என்றார் அக்கா.

"இல்லை, கடையில" என்றார் அண்ணை, கடலைப் பார்த்துக்கொண்டு.

வீட்டுக்காரியின் சொல்லை மறுக்க இரண்டு வாய் வேண்டும் என்பது முறை. ஒரு வாய் ஆயிற்று. மற்ற வாய்க்குக் கரை முழுக்கக் காத்திருந்தது. அக்காவுக்கு எதிராகப் பொய் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா.

"நானும் கண்டனான். புட்டை வேலியடியில நாய்க்குப் போட்டுட்டு வெறுவயித்தோட போனவர்."

ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. அக்காவின் முகம் சிவந்தது. "என்ர புட்டை நாய்க்குப் போட்டவரோ?" என்று அவர் என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், நீங்கள் சொல்லுங்கோ. எங்க சாப்பிட்டனீங்கள்?"

பொய் சொன்னதற்காகப் பிள்ளைகளின் கையில் பிரம்பால் போட்டவன் நான். அக்கா என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் மணலைப் பார்த்தேன். அந்தக் கூரை ஓட்டை கண்ணுக்குள் நின்றது.

"கடையில சாப்பிட்டனான்" என்றேன்.

அக்கா இடுப்பில் செருகியிருந்த வளையத்தை எடுத்தார். "சரி. அப்ப என்ர சொல் பொய். சொல் பிசகினவளிட்ட இது இருக்கேலாது" என்று சொல்லி, நேராகப் போய்ப் பக்கத்து வீட்டு அக்காவின் கையில் வைத்தார். அவர், "ஐயோ எனக்கு வேண்டாம்" என்று பின்வாங்கினார். அக்கா விடவில்லை. கூரை தப்பியது, சொல் போய்விட்டது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை என்று சொன்னால் அது நடிப்பில்லை.

தீர்ப்பு இப்படி முடிந்தது: கடையில் சாப்பிட்டவன் தனி வீடு, ஆகவே தண்டனை எனக்கு. மழை வரும்வரை நான் திடலில் இறங்கக்கூடாது. ஒரே ஒரு நாள் மட்டும் விட்டார்கள், என் பாத்திகளைக் காலால் மிதித்து மட்டமாக்க. வரம்பு கட்டினதைவிட மிதிக்கத்தான் அதிக நேரம் எடுத்தது. பெண்கள் வேலையை விட்டுவிட்டு, "மாஸ்டர், எப்ப வெங்காயம் கிண்டுறது?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அதைவிடப் பெரிய தண்டனை, அக்கா வீட்டில் இனிச் சாப்பிட முடியாது. சாப்பிட்டால் நான் மறுபடி அந்த வீட்டு ஆள்; பொய் வெளியே வந்துவிடும். படுக்கை அங்கே, சாப்பாடு கடையில். காலையில் பணிஸ், மத்தியானம் கடைச் சோறு, இரவு மறுபடி பணிஸ். அடுப்படியில் மட்டிக் கறி கொதிக்கும் வாசம் நேராக என் அறைக்குள் வரும். பிள்ளைகள் இரண்டும் வேண்டுமென்றே யன்னலடியில் இருந்து உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டார்கள். அக்கா என்னோடு தேவைக்குப் பேசினார், கோபித்ததாகக் காட்டவில்லை. ஆனால் பின்னேரங்களில் தன் பெட்டியைக் கொட்டிவிட்டு, பக்கத்து வீட்டு அக்கா வளையத்தோடு குனியும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். வளையம் பிடித்த அவரோ எங்கள் அக்காவைவிடக் கண்டிப்பு. மயிரிழை தப்பினாலும் கடலுக்குத்தான்.

புரட்டாசியில் ஓலை வந்து இறங்கியது. கூரை மேய்ந்த அன்று நானும் நின்று ஓலை எடுத்துக் கொடுத்தேன். வேலைசெய்தவர்களுக்கெல்லாம் அக்கா சோறு போட்டார். எனக்குப் பணிஸ்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு மழை கொட்டியது. சனிக்கிழமை காலையிலும் விடவில்லை. திடல் பூட்டியாயிற்று என்று கரையில் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் பணிசுக்காகக் குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

"மாஸ்டர், எங்க போறியள்? வந்து இருங்கோ" என்றார் அக்கா.

அடுப்படியில் ஒரு துளி ஒழுக்கில்லை. ஓலை வாசம், புட்டு வாசம். முதல் நாள் எடுத்த கடைசி மட்டியில் கறி. தட்டை என் முன்னால் வைத்தார். நான் கை வைப்பதற்குள் வாசலில் ஆள் சத்தம். பக்கத்து வீட்டு அக்கா, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, நனைந்துபோய் நிற்கிறார். படலையால் வரவில்லை, வேலியைப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறார். பின்னால் கடைக்கார அண்ணையும் இன்னும் நாலைந்து பெண்களும்.

"இந்தா, உன்ர சாமான்" என்று வளையத்தை நீட்டினார். "திடல் பூட்டியாச்சு, இனி ஒருத்தரையும் ஒண்டும் செய்யேலாது. எல்லாருக்கும் முன்னால சொல்லுறன் கேளுங்கோ. அண்டைக்கு மாஸ்டர் இந்த வீட்டிலதான் திண்டவர். மூண்டு தரம் புட்டு வாங்கித் திண்டவர். நான் பொட்டுக்கால பாத்துக்கொண்டுதான் நிண்டனான். அவ சொன்னது சரி, பொய் சொன்னது நான்."

"நானும்தான்" என்றார் அண்ணை, தலையைச் சொறிந்துகொண்டு.

"நானும்" என்றேன். வாய் நிறையச் சொன்னேன்.

அக்கா வளையத்தை வாங்கிச் சீலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணையும் அதே தலைப்பால் துடைத்துக்கொண்டு, சுவரில் அதன் ஆணியில் மாட்டினார். பிறகு, "நனைஞ்சுகொண்டு நிக்கிறாய், உள்ளுக்கு வா. இருந்து சாப்பிடு" என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தட்டு வைத்தார்.

என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், இண்டையில இருந்து நீங்கள் விடுற பிழை திருப்பியும் என்ர வீட்டுப் பிழை. யோசிச்சுச் சாப்பிடுங்கோ."

நான் யோசிக்கவில்லை. அன்று நாலு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.