பகலில் எரிந்த லைட்டுகள்

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய ஜப்பான் காருக்குக் கட்டாரிலிருந்து லைட் வந்த கதையை யாராவது கேட்டால், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன். அந்தக் கார் பகலில் மட்டும் ஓடுகிற கார். உன்னிச்சைப் பக்கம் குளத்து நீர் வற்றிக் கரை காய்ந்து கிடக்கும் காலத்தில், சுற்றுவட்டார ஆட்கள் சேர்ந்து ஒரு புழுதி ரேஸ் வைப்பார்கள். அதில் என் கணவர் ஓடுவார். மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். தலைக்கு மேல் நிற்கிற சூரியனின் வெளிச்சம் போதாது என்று அங்கே இதுவரை யாரும் முறையிட்டதில்லை, என் கணவரின் அண்ணனைத் தவிர.

ரேஸ் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். கம்பனி செய்து விட்ட உடம்பும் இயந்திரமும் அப்படியே இருக்கிற சாதாரணக் கார்கள்தான். பின் இருக்கையைக் கழற்றுவார்கள், கல் பட்டுச் சிதறாமல் லைட்டுகளுக்கு டேப் ஒட்டுவார்கள், ஓடுவார்கள். என் கணவர் மட்டும் இடது பக்க லைட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த ஓட்டையில் கம்பிவலை அடித்து, உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாயும் விட்டிருந்தார். வெளிக்காற்று நேரே இயந்திரத்துக்குப் போகும். அந்த வெயிலில் மற்றக் கார்கள் கொதித்து நிற்க, இவருடையது நிற்காது. அவர் புத்தியோடு செய்த காரியங்களில் அது ஒன்று. மற்றது எது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன முறை இரண்டாவதாக வந்தார். இந்த முறை முதலாவதாக வர வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். இயந்திரம் இன்னொரு வருடம் தாங்காது என்று மெக்கானிக் கைவிரித்திருந்ததால், அவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. எனக்கு ரேஸில் ஒரு மண்ணும் விருப்பமில்லை. ஆனால் ஆசைப்பட்டதை வாய்விட்டுச் சொல்லும் ஆள் அவர் இல்லை. அதனால் அவர் சொன்னது மனதில் நின்றுவிட்டது.

அப்போதுதான், கட்டாரில் வேலை செய்கிற அவருடைய அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், லீவில் வந்து இறங்கினார். எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் கட்டியவர் அங்கே வந்து சேர்ந்து இருப்பார். ஆகவே ஆரையம்பதியில் உள்ள அந்த வீடும் முற்றமும் என்னுடையவை. அத்தானுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. கதிரையை முற்றத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்து காரைப் பார்த்தார். ஒற்றைக் கண் காரில் தம்பி ஓடினால் பார்க்கிற சனம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைக்கும் என்று கேட்டார். பிறகு பெட்டியைத் திறந்தார். சட்டைகளுக்குள் பக்குவமாகச் சுற்றிய இரண்டு எல்ஈடி லைட்டுகள். கூடவே, முன்பக்கம் பூட்ட ஒரு பளபளப்பான கம்பி, அதில் வரிசையாகக் குட்டி லைட்டுகள்.

லைட் பொருந்தவில்லை. பொருந்தாத லைட்டை ஒதுக்கி வைப்பதற்குப் பதிலாகக் காரின் தகரத்தை வெட்டினார்கள். வெட்டியது என் கணவர்; கதிரையை விட்டு எழும்பாமல் கட்டளையிட்டது அத்தான். குழாயும் வலையும் வெளியே வந்தன. ரேடியேட்டருக்கு நேர் முன்னால் குட்டி லைட்டுகள் வரிசைகட்டி உட்கார்ந்து, மிச்சம் இருந்த காற்றையும் மறித்தன. அது என் கணவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கிணற்றடியில் வைத்துக் கேட்டேன்.

"அதுக்குள்ளாலதானே காத்துப் போற?"

"அண்ணன் ஆசையாக் கொண்டு வந்திருக்கார்," என்றார்.

தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணன் சொல்லுக்கு ஓம் போட்டு வளர்ந்தவர். நரை விழுந்த பிறகும் அந்த ஓம் போகவில்லை. லைட்டுகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, தேங்காய் உடைத்து, கார்ச் சில்லுகளுக்கடியில் நசுக்கத் தேசிக்காயும் வைத்தார்கள். காற்றுக்கு வழி விடுவதைத் தவிர மற்ற எல்லாம் செய்தார்கள்.

ரேஸ் அன்று, நடத்துகிறவர்கள் லைட்டுகளுக்கு டேப் ஒட்டச் சொன்னதும் அத்தானுக்கு முகம் சுருங்கியது. டேப் ஒட்டினால் அவர் போனில் எடுக்கப்போகிற வீடியோவில் லைட் தெரியாதாம். கண்ணாடி போன்ற டேப் வாங்க அவரே எங்கள் ஊருக்குப் பக்கத்துக் காத்தான்குடிக் கடைகளுக்குத் திரும்பி ஓடினார். வந்து ஒட்டி, எல்லா லைட்டையும் எரியவிட்டுத்தான் தம்பியை அனுப்பினார். அந்த வெயிலில் அவை எரிந்தது அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

என் கணவர் நன்றாகத்தான் ஓடினார். தொடக்கத்திலிருந்தே முன்னுக்கு நின்றார். நானும் வெட்கத்தை விட்டுக் கத்தினேன். கடைசிச் சுற்றில், முடிவுக் கொடி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், போனட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. கார் இருமி நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் புழுதியை அள்ளி இறைத்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். அவர் இறங்கவே இல்லை.

அத்தான் போனைப் பிடித்தபடியே ஓடினார். நானும் ஓடினேன். அத்தான் குனிந்து காரின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"லைட்டுக்கு ஒண்டும் நடக்கல்ல, தம்பி."

"ஓம் அண்ணன்," என்றார் என் கணவர்.

இரண்டு பேரையும் அந்தக் குளத்துச் சேற்றில் தள்ளலாம் போல இருந்தது. சேறு காய்ந்திருந்தது. முதலிடம் போனதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்த ஓம்தான் வலித்தது.

அத்தான் கட்டாருக்குத் திரும்பினார். மெக்கானிக் இயந்திரத்தைப் பிரித்துச் சேர்த்து, ஓடும், ஆனால் எத்தனை நாளைக்கு என்று தன்னைக் கேட்க வேண்டாம் என்றார். ஒரு நாள் காலை எழும்பிப் பார்த்தால், இடது லைட்டும் குட்டி லைட்டுகளும் கோழிக்கூட்டுக்கு மேல் கிடந்தன. பழைய ஓட்டையில் வலையும் குழாயும் திரும்பி வந்திருந்தன. நான் கோழிகளைத் திறந்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை அத்தான் வீடியோவில் வந்தார். அறை நண்பர்களுக்குக் காரைக் காட்ட வேண்டுமாம். என் கணவர் வலது லைட்டுக்குக் கிட்டப் போய் நின்று, அதையே காட்டினார். தூரத்திலிருந்து காட்டச் சொன்னபோது இன்னும் கிட்டப் போனார். பார்க்கப் பொறுக்காமல் போனைப் பறித்து ஓட்டைக்கு நேரே பிடித்தேன்.

"என்னடா தம்பி இது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் போனைத் தாழ்த்தவில்லை.

"அதுக்குள்ளால காத்துப் போக வேணும், அண்ணன்," என்றார்.

 அத்தான் வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார். என் கணவர் ஸ்பேனரை எடுத்துக் குழாயை இறுக்கப் போனார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது; ஆனாலும் இரண்டு முறை இறுக்கினார். அன்று அவர் முதலாவதாக வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.