வால் நறுக்கும் வகுப்பு

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. பிள்ளைகளுக்கு அவர் கத்தரி டீச்சர். ஒரு நாளிதழில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, இரவு வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். வரும்போது ஒரு நீளமான கத்தரிக்கோலையும், யாரையும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசவிடாத அவசரத்தையும் கொண்டுவந்துவிட்டார். கணவர் ஆபீஸ் கதையை ஆரம்பித்தால் "விஷயத்துக்கு வாங்க" என்பார். பாவம் அந்த மனிதர், கல்யாணமான நாளிலிருந்து விஷயத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார்.

பத்தாம் வகுப்புக்குப் பத்திரிகை எழுத்து சொல்லிக்கொடுப்பது அவர் பொறுப்பு. தலையங்கம் என்றால் வகுப்பை இரண்டாகப் பிரித்துச் சண்டை மூட்டிவிடுவார். பேட்டி என்றால் பள்ளிக் காவலாளியைக் கூட்டிவந்து தன் நாற்காலியிலேயே உட்காரவைப்பார். ஆனால் செய்தி எழுதுகிற நாளில்தான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அன்றைக்குக் கத்தரிக்கோல் வெளியே வரும்.

"பேப்பர்ல இடம் பத்தலைன்னா செய்தியை எங்க வெட்டுவாங்க?"

"வால்ல, டீச்சர்!"

"அதனால முக்கியமானது தலையில. போனாப் போகட்டும்ங்கறது வால்ல. புரிஞ்சுதா?"

எழுதியதை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து நீட்ட வேண்டும். கடைசிப் பத்தியைப் படிக்காமலேயே நறுக்கிவிடுவார். படித்தால் மனசு இளகிவிடும், இளகின மனசை வைத்துக்கொண்டு பேப்பர் நடத்த முடியாது என்பது அவர் கட்சி. வால் போன பிறகும் செய்தி தன் காலில் நின்றால் முழு மதிப்பெண்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு 'எங்கள் வீட்டுச் செய்தி' என்று தலைப்புக் கொடுத்திருந்தார். ஒருவன் பூனை குட்டி போட்டதை எழுதியிருந்தான். அட்டைப்பெட்டி, அது வந்த கடை, கடைக்காரரின் மீசை எல்லாம் மேலே இருந்தன. குட்டிகள் கடைசியில். ஒரே வெட்டு.

"குட்டி போட்ட செய்தியில குட்டியையே காணோமேப்பா!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

அடுத்து வந்தவள் மூன்றாவது பெஞ்சுப் பெண். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத ரகம். அவள் செய்தி கச்சிதமாக இருந்தது. அப்பாவுக்குப் பதவி உயர்வோடு வெளியூர் மாற்றல். நாளைக் காலையில் குடும்பம் புறப்படுகிறது. தம்பிக்கு அங்கே நல்ல பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. சாமான்கள் இன்று மாலை லாரியில் ஏறுகின்றன.

வாலை நறுக்கினார். செய்தி அசையாமல் நின்றது.

"இது செய்தி! எல்லாரும் கை தட்டுங்க. அங்க போயும் இப்படியே எழுதும்மா."

பெண் தலையை மட்டும் ஆட்டினாள். தரையில் விழுந்த துண்டை ஒரு கணம் பார்த்துவிட்டு இடத்துக்குப் போனாள்.

கடைசி மணி அடித்து வகுப்பு காலியானதும், டீச்சர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட ஆரம்பித்தார். பூனைப் பையனின் எழுத்து தெரிந்ததும் சிரிப்பு வந்து, மேலாக இருந்த ஒன்றிரண்டைச் சும்மா படித்துப் பார்த்தார். அடுத்த துண்டில் மணிமணியான கையெழுத்து.

'மகள் உடன் செல்லவில்லை. சித்தி வீட்டில் தங்கி அவருடைய கைக்குழந்தையைக் கவனித்துக்கொள்வாள். அவளுடைய பள்ளிப் படிப்பு இன்றுடன் முடிகிறது.'

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு தடவை படித்தார். யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதுவதுபோல் அந்தப் பெண் தன்னைப் பற்றி எழுதியிருந்தாள். இதற்கா கை தட்டச் சொன்னேன் என்று நினைத்தார். துண்டை எடுத்துக்கொண்டு, ஆபீஸ் அறையில் விலாசம் கேட்டு விழுந்தடித்து ஓடினார்.

வாசலில் லாரி நின்றது. அப்பா கயிறு கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா அட்டைப்பெட்டியை அழுத்திப் பிடிக்க, பெண் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். கதவோரம் பெண்ணின் பெயர் எழுதிய ஒரு சின்னத் தகரப்பெட்டி மட்டும் தனியாக இருந்தது.

"டீச்சரா? வாங்க வாங்க. உக்காரச் சொல்லக்கூட நாற்காலி இல்ல, எல்லாம் ஏத்தியாச்சு" என்றாள் அம்மா.

ஊரையே விஷயத்துக்கு வரச் சொல்கிறவர் அன்றைக்கு வெறுமனே அந்தத் துண்டை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா படித்துவிட்டு, "ஒரு வருஷத்துக்குத்தான் டீச்சர். என் தங்கச்சி வேலைக்குப் போகணும், குழந்தையைப் பாக்க ஆள் இல்ல" என்றாள்.

"படிப்பு முடியுதுன்னு எழுதியிருக்காளேம்மா."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு..." என்று அப்பா வாசலிலிருந்தே இழுத்தார்.

"இவகிட்டயும் கேட்டோம் டீச்சர். சரின்னுட்டா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள் அம்மா.

டீச்சர் பெண்ணிடம் திரும்பினார். "இவ்வளவு பெரிய விஷயத்தைப் போய் ஏம்மா வால்ல எழுதின?"

பெண் கையிலிருந்த டேப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போனாப் போகட்டும்ங்கறதை அங்கதானே எழுதச் சொன்னீங்க, டீச்சர்."

குறையாகச் சொல்லவில்லை. வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற குரல்தான்.

அம்மா பேயறைந்ததுபோல் நின்றுவிட்டாள். கையிலிருந்த துண்டை மறுபடி பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். பிறகு தகரப்பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"அதை எங்க கொண்டுவர்ற? இடமே இல்ல" என்றார் அப்பா.

"அப்ப அந்த பீரோவை இறக்குங்க. தங்கச்சிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அப்பா மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டின கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

தெருமுனையில் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய டீச்சர் அங்கேயே நின்றார். முந்தின வருடங்களில் நறுக்கிப் போட்டதையெல்லாம் நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கு நறுக்கியதில் பாதியைக்கூட அவர் இன்னும் படிக்கவில்லை. காவலாளி கேட்டைப் பூட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்.