மைலேஜ் கூட்டும் வைசர்

இன்று விருதுநகரில் கார் சாமான் கடை வாசலில் ஒரு டீச்சர் நின்றிருந்தார். ஜன்னலுக்கு மேல் ஒட்டும் பிளாஸ்டிக் வைசரைக் காட்டி, "இதப் போட்டா காத்து வழுக்கிக்கிட்டுப் போகும் டீச்சர், மைலேஜ் கூடும்" என்றார் கடைக்காரர்.

நான் வாடகைக் கார் ஓட்டியபோது எனக்கும் இவர் இதைச் சொல்லித்தான் மாட்டினார். கூடவில்லையே என்று போய்க் கேட்டதற்கு, நாலு பேர் முன்னால், "கைநாட்டுக்குக் காத்தப் பத்தி என்ன அண்ணாச்சி தெரியும்" என்று சிரித்தார்.

வைசரோடு ஒரு டேங்க், கழற்றிவிட்டு ஒரு டேங்க் என்று ஆமத்தூர் வழியாகச் சிவகாசிக்கு ஓட்டிப் பார்த்தேன். டேங்குக்கு ஒரு ட்ரிப்கூட அதிகம் ஓடவில்லை. வேகமாகப் போனால் விசில் சத்தம்தான் கூடுதல்.

அதை இன்று டீச்சரிடம் சொன்னேன். "மழையில கண்ணாடிய ரெண்டு விரல் எறக்கி வைக்கணும்னா போடுங்கம்மா. மைலேஜுக்குன்னா வேண்டாம்."

"யாவாரத்தக் கெடுக்காதீக அண்ணாச்சி" என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தி.

"கைநாட்டு சொல்லியா யாவாரம் கெடப் போகுது?" என்றேன். டீச்சர் வைசர் வாங்காமலே காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் செய்தது தப்பு என்பவர்கள் கீழே எழுதுங்கள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிய பேத்தியே வாசித்துக் காட்டுவாள். உங்கள் பெயரை நான் மறக்க மாட்டேன்.