எங்கள் வீட்டில் போர்ட் ஒயின் திறந்த நாள்

கப்பலில் ஒயின் ஊற்றுவதுதான் பல வருடங்கள் என் பிழைப்பாக இருந்தது. ஊற்றினால் மட்டும் போதாது. எந்தச் சரிவில் விளைந்த திராட்சை, பீப்பாயில் எவ்வளவு காலம் கிடந்தது, எந்தச் சாப்பாட்டோடு சேரும் என்றெல்லாம் விருந்தாளிகளுக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியாக நான் இருந்தது போர்ச்சுகலில் டோரோ ஆற்றில் ஓடும் ஒரு சுற்றுலாக் கப்பல். போர்ட் ஒயின் பிறக்கும் இடம் அது. திராட்சைச் சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே பிராந்தி மாதிரியான ஸ்பிரிட்டை அதில் சேர்த்துவிடுவார்கள். புளிப்பது அங்கேயே நின்றுவிடும். இனிப்பும் தங்கும், வீரியமும் ஏறும்.

ஒரு மழை நாளில் கப்பல் சமையலறைப் படியில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கனமான எதையாவது சாய்த்துப் பிடித்தால் கை நடுங்கும். ஒயின் ஊற்றுகிறவனுக்கு அதற்குமேல் கப்பலில் என்ன வேலை? திருமுல்லைவாயிலுக்கே திரும்பிவிட்டேன். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கேட்டரிங் கல்லூரியில் பாடம் எடுக்கும் வேலை கிடைத்தது.

என் மனைவி ஆவடியில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பது அவள் வேலை. நரம்பே அகப்படாத கைக்குழந்தைகளுக்கு ஊசி போட அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய அப்பா குடித்தே செத்தவர். பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் அவளும் அவள் அக்காவும் அவரை ரோட்டோரத்திலிருந்து ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள். பெண் பார்க்கப் போன அன்றே அவள் என்னிடம் நேராகச் சொன்னாள்: "நீங்க அங்க ஊத்துங்க, அது உங்க வேலை. நம்ம ஊட்டு வாசப்படிய மட்டும் அது தாண்டக் கூடாது." தாண்டவில்லை. அவள் போகும் கிறிஸ்தவ சபையில் திருவிருந்துக்குக்கூட ஒயின் கிடையாது, காய்ச்சிய திராட்சைச் சாறுதான்.

போன வருடம் மழைக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. போர்ட் ஒயின் பிரியர்களாக ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சின்ன சங்கம் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். என் கப்பலில் இரண்டு முறை பயணம் வந்தவர்கள். மணிக்கட்டு உடைந்து நான் படுத்திருந்த நாட்களில் முறை போட்டுக்கொண்டு போனில் என்னிடம் பேசியவர்கள் அவர்கள்தான். என்னோடு வேலை பார்த்தவர்கள்கூட அப்படிப் பேசவில்லை.

"ஜனவரியில் இந்தியா வருகிறோம். சென்னையில் சில நாள் இருப்போம். ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவருகிறோம். நீங்கள் ஒவ்வொன்றாக ஊற்றி, விளக்கி, எங்களுக்கு ஒரு சுவைப்பு நடத்தித் தர வேண்டும்" என்றார் ஆசிரியை.

யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் இடம் தேட ஆரம்பித்தேன். குமணன்சாவடியில் ஒரு ஹாலில் கேட்டேன். மேனேஜர் நான் முடிப்பதற்குள்ளேயே கையெடுத்துக் கும்பிட்டார். "சார், காதுகுத்து வையுங்க, வளைகாப்பு வையுங்க. பாட்டில் மட்டும் வேணாம்." நட்சத்திர ஹோட்டல்களில் வெளியிலிருந்து கொண்டுவரும் பாட்டிலைத் திறக்க விடவில்லை. நெமிலிச்சேரியில் தனி வீடு வைத்திருக்கும் நண்பன் ஒத்துக்கொண்டான். அடுத்த நாளே, "மச்சான், ஊட்ல பிரச்சன ஆயிடுச்சுடா" என்று பின்வாங்கினான். கடைசியில், முடியாது என்று ஆசிரியைக்குச் சொல்லிவிடலாம் என முடிவுசெய்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"நம்ம ஊட்லயே வச்சிக்கிட்டா இன்னா?"

போனைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"அவங்க உங்கள மதிச்சு அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாங்க. நீங்க இன்னா வேலை செஞ்சீங்கன்னு நான் ஒரு தடவகூட கண்ணால பாத்ததில்ல. காலைல வச்சிக்கங்க. மத்தியானத்துக்குள்ள முடிச்சிரணும். ஒரு சொட்டுகூட ஊட்ல மீதி இருக்கக் கூடாது. சமையல் செஞ்சு வச்சிட்டு நான் அக்கா ஊட்டுக்குப் போயிடுறேன்."

இதைச் சொல்வதற்கு அவள் எத்தனை நாள் தனக்குள் போராடியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "அந்தப் பக்கெட்ல இருக்குற துணியக் காயப் போடுங்க" என்று பேச்சை முடித்துவிட்டாள்.

பொங்கல் முடிந்த வாரம் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். தங்கியது பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு ஹோட்டலில். பாட்டில்களைச் சுவைப்புக்கு இரண்டு நாள் முன்பே அவர்களிடமிருந்து வாங்கிவரப் போனேன். பழைய போர்ட்டில் அடியில் வண்டல் நிறைய இருக்கும். பயணத்தில் குலுங்கியது அடங்க, பாட்டிலை நிமிர்த்தி அசையாமல் வைக்க வேண்டும். மற்ற பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கினோம். ஒன்றை மட்டும் அவர்களில் ஒரு பெரியவர் தன் கம்பளிச் சட்டையில் சுற்றி என் கையில் கொடுத்தார். அவரும் அவர் மனைவியும் இளவயதில் வாங்கி வைத்தது. மனைவி இறந்துவிட்டார். இவரைக் குடிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "எனக்குச் சொட்டுகூட வேண்டாம். திறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் அந்தப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவா, மெதுவா" என்று கத்தினேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார், பச்சப்புள்ளைய ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டுகினு போற மாதிரி கீறியே. இன்னா கீது உள்ள?"

"ஒரு பெரியவர் குடுத்த பொருள். குலுங்கக் கூடாது."

"பெரியவர் குடுத்ததா? அப்ப சரி நைனா" என்றார். அதன்பிறகு அம்பத்தூர் ரோட்டுப் பள்ளங்களை எல்லாம் அவர் சுற்றிச் சுற்றி ஓட்டியதை மறக்க முடியாது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துத் தீர்த்தார். இவர் அசரவில்லை.

எங்கள் வீட்டில் ஏ.சி. இருப்பது படுக்கையறையில் மட்டும்தான். பாட்டில்களை அங்கேதான் வைக்க வேண்டியிருந்தது. மனைவி பைபிளையும் தன் தலையணையையும் எடுத்துக்கொண்டு இரண்டு நாளும் ஹாலில் படுத்தாள். சுவைப்பவர்கள் துப்புவதற்குப் பாத்திரம் வேண்டும் என்று நான் கேட்டபோதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"துப்பவா? கடல் தாண்டி வந்து, வாய்ல ஊத்தித் துப்பவா போறாங்க?"

"எல்லாத்தையும் முழுங்கினா நாலாவது கிளாஸ்ல ருசி தெரியாது."

"எங்கப்பாவுக்கு இது யாரும் சொல்லித் தரலையே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்ன கையோடு சமையலறைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு எவர்சில்வர் தூக்குகளைத் துலக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

சுவைப்பு அன்று காலை வேனில் வந்து இறங்கினார்கள். எதிர்வீட்டு மதுரைக்காரத் தம்பதி நாற்காலிகள் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக் கோப்பைகள் என் கல்லூரியில் இரவல் வாங்கியவை. மனைவி அதிரசம், வேர்க்கடலை மிட்டாய், உப்புப் போட்டு வறுத்த முந்திரி எல்லாம் தட்டுகளில் வைத்துவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றாள். அவர்களைப் பார்த்து வணக்கம் சொன்னாள். பெரியவர் கடைசியாக மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது. "நீங்கள் குடிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். நானும் இப்போது குடிப்பதில்லை. எனக்குத் துணைக்கு ஆள் இல்லை, கொஞ்சம் என்னோடு உட்காருங்களேன்" என்றார் அவளிடம்.

நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. ஆஸ்பத்திரி இங்கிலீஷ் அவளுக்கு நன்றாக வரும். கைப்பையோடு அவர் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பை தரைக்குப் போனது.

வெள்ளை போர்ட்டில் ஆரம்பித்தேன். பிறகு இளசான சிவப்பு போர்ட். அதற்குப் பிறகு பீப்பாயிலேயே கிடந்து தேன் நிறத்துக்கு வந்த டானி. எனக்குப் பழைய குரல் திரும்பியது. டானியோடு அதிரசத்தைக் கடிக்கச் சொன்னேன். ஆசிரியை ஒரு வாய் கடித்து, ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடிக்கொண்டார். துப்பவில்லை. "இத்தனை வருடம் இதை நாங்கள் பாலாடைக்கட்டியோடு வீணடித்திருக்கிறோம்" என்றார். எல்லோரும் என் மனைவியைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் வெட்கப்பட்டுப் பெரியவரிடம் பாகுப் பதம் பற்றி ஏதோ சொன்னாள். அவர் அதிரசம் மட்டும் தின்றுகொண்டு, ஒவ்வொரு கோப்பையையும் மோந்து பார்த்துப் பார்த்து அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், பிறகு லேசாக மோந்தாள்.

கடைசியாக அவருடைய பாட்டில். கார்க் திருகாணியை நிதானமாகத்தான் இறக்கினேன். ஆனால் தக்கை உளுத்துப்போயிருந்தது. பாதி வெளியே வந்தது, பாதி பொடிந்து உள்ளே விழுந்தது. வடிகட்டிவிடலாம் என்றேன். ஆனால் வண்டல் கலங்காமல், மேல் தெளிவை மட்டும் ஒரே சாய்ப்பில் வேறு ஜாடிக்கு மாற்ற வேண்டும். நடுவில் நிமிர்த்தினால் எல்லாம் கலந்துவிடும். பாட்டிலைப் பிடித்தேன். கை நடுங்கியது. இடது கையைக் கொடுத்துத் தாங்கினேன். அப்போதும் நடுங்கியது. ஆசிரியை தன் விரல்களைக் காட்டினார். மூட்டெல்லாம் வீங்கியிருந்தன. மற்றவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரியவர் என் மனைவி பக்கம் திரும்பினார். "குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கிறேன் என்றீர்களே. என் பாட்டிலுக்கு உங்கள் கை கிடைக்குமா? வேண்டாம் என்றால் நான் வருத்தப்பட மாட்டேன்."

"கேக்காதீங்க சார், அவளுக்கு..." என்று நான் தமிழிலும் இங்கிலீஷிலுமாகக் குறுக்கிட்டேன்.

அவள் எழுந்தாள். சமையலறைக்குப் போய் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பால் வடிகட்ட வைத்திருந்த புது மல் துணியோடு வந்து ஜாடி வாயில் கட்டினாள்.

"எதப் பாக்கணும்?"

"கழுத்துக்கிட்ட கீழேருந்து வெளிச்சம் காட்டறேன். தெளிவா வரும். கறுப்பா ஒரு கோடு கழுத்துக்கு வந்துச்சுன்னா உடனே நிறுத்திடணும்."

போனில் டார்ச் போட்டுப் பிடித்தேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்த்தாள். சிவப்பு நூல் மாதிரி இறங்கியது. ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை. இவ்வளவு வருடம் ஊற்றின என்னால் நல்ல கை இருந்த காலத்தில்கூட அப்படிச் செய்திருக்க முடியாது. துணியில் தக்கைப் பொடி தங்கியது. கறுப்புக் கோடு கழுத்தை எட்டியதும், நான் சொல்லும் முன்னமே பாட்டிலை நிமிர்த்திவிட்டாள். யாரோ "அப்பாடா" என்பதை அவர்கள் மொழியில் சொன்னார்கள்.

முதல் கோப்பையைப் பெரியவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் மோந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்துக்கொள்ளாமல் கோப்பையை என் மனைவியிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி மோந்தாள். அத்தி, தேயிலை, பழைய மரப்பெட்டி வாசனைகள் அதில் இருந்ததை நான் அறிவேன். அவள் என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"எங்கப்பா மேல அடிச்ச வாசனை இது இல்லீங்க" என்றாள் என்னிடம், மெதுவாக. பிறகு கோப்பையைப் பெரியவரிடமே திருப்பிக் கொடுத்தாள். குடிக்கவில்லை. அவளைக் குடிக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. புறப்படும்போது ஆசிரியை என் உடைந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கப்பலில் இருந்ததைவிட இன்று நன்றாக நடத்தினீர்கள்" என்றார். படியிறங்கப் பெரியவருக்கு என் மனைவிதான் கை கொடுத்தாள். காலிப் பாட்டில்களை வேனிலேயே ஏற்றி அனுப்பினோம். கோப்பைகளின் அடியில் மிஞ்சியதைச் சமையல் தொட்டியில் ஊற்றிக் கழுவினோம். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். அதன் பிறகு எங்கள் வீட்டுக்குள் எந்தப் பாட்டிலும் வரவில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் ஒரு முறை திறந்துவிட்ட கதவு போதும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இவள் சபை முடிந்து வந்ததும் பெரியவர் வீடியோ காலில் வருவார். என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மனைவியைக் கேட்பார். அவர் வாழும் ஊரில் பனி. காலில் வீக்கம் என்றால் அவளிடம்தான் காட்டுவார். அவள் மாத்திரை சாப்பிட்டாரா என்று அதட்டுவாள். போன வாரம் அவர் தானாக வெல்லம் வாங்கிப் பாகு காய்ச்சப் பார்த்து, பாத்திரத்தைத் தீய்த்துவிட்டாராம். அடிப்பிடித்த பாத்திரத்தைக் கேமரா முன்னால் தூக்கிக் காட்டினார். இவள் சிரித்துச் சிரித்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துச் சுரண்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.