யார் கை முழம்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெயிலாகி நின்றதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒரு கணக்குக்குச் சரியான விடை சொன்னதால் நின்றுபோனவன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. சங்கரன்கோவிலில் கோயில் வாசலுக்குப் பக்கத்தில் அப்பா பூக்கடை வைத்திருந்தார். பிச்சியும் மல்லியும் பந்து பந்தாய்ச் சுற்றி வைத்திருப்பார். கேட்பவர்களுக்கு முழங்கையிலிருந்து விரல்நுனி வரை சரத்தை நீட்டி அளந்து கொடுப்பார்.

ஒருநாள் வகுப்பில் வாத்தியார் கணக்குச் சொன்னார். ஒரு பந்தில் இருபது முழம் பூ, ஆளுக்கு இரண்டு முழம் கொடுத்தால் எத்தனை பேருக்கு வரும்? எனக்கு எழுதப் படிக்கத்தான் தகராறு, வாய்க்குக் குறைச்சலில்லை. எழுந்து நின்றேன்.

“யாரு கையால அளக்கணும் சார்?”

“எவன் கையா இருந்தா என்னல? முழம் முழந்தான்.”

“இல்ல சார். எங்கப்பா அளந்தா பத்துப் பேருக்கு வரும். அதே பந்த நான் அளந்தா பதினஞ்சு பேருக்கு வரும்.”

வகுப்பே சிரித்தது. வாத்தியார் என் முதுகில் நாலு வைத்தார்.

சாயந்தரம் இதை வீட்டில் நடித்துக் காட்டினேன். பின்னால் கிழிந்த டவுசரோடு வாத்தியாராகவும் நானாகவும் மாறி மாறிக் குதித்தேன். அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. ஒரு பந்தை எடுத்து இருபது முழம் அளந்து அறுத்தார். அதை என்னிடம் கொடுத்து, அளக்கச் சொன்னார். முப்பது வந்தது.

“சரியாத்தாம்ல சொல்லியிருக்க” என்றார். அவர் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளிலிருந்து நான் கடையில் உட்கார வேண்டும் என்றார். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“படிக்கிற பயலப் போயி கடையில உக்கார வைக்கேன்னு சொல்லுதீகளே.”

“இதுக்கு மேல என்னத்தப் படிக்கப் போறான்? வாத்தியாருக்கே தெரியாத கணக்கப் போட்டுட்டான். பச்சப்பிள்ள அளக்கான்னா எவளும் சண்டைக்கு வரமாட்டா.”

“இவன் கை வளராதாக்கும்?”

“வளரட்டும். அதுக்குள்ள சின்னவ கடைக்கு வந்துருவா.”

சின்னவள் என்றது என் தங்கச்சியை. அந்த வருஷம்தான் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடம் ஒழிந்த சந்தோஷத்தில் பறந்துகொண்டிருந்தேன். என் சிலேட்டைத் துடைத்து அவள் கையில் கொடுத்து, “இனிமே இது உனக்குத்தாம்ட்டி. எனக்கும் சேத்து நீயே படி” என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன். அவள் உடனே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டாள்.

அம்மா வந்து என் மண்டையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள்.

“அவளுக்கு ஏம்ல ஆச காட்டுத?”

சிலேட்டைக் கொடுத்ததற்கு யாராவது அடிப்பார்களா என்று அழுதுகொண்டே கேட்டேன். தங்கச்சி தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.